நோய் இல்லாதவனுக்கு மாத்திரை எதுக்கு?

எந்திரிச்சுப் போயிடாதீங்க சார், உட்காருங்க. உங்க டோக்கன் பதினேழுதானே? நான் பதினாறு. இப்பதான் பன்னெண்டு உள்ள போயிருக்கு. நீங்க இதோட மூணு தடவை மாடிப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

முதல்ல அந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்க. மூஞ்சி தெரியக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க, புரியுது. ஆனா ஃபேனுக்கு அடியில ஹெல்மெட்டோட உட்காந்திருக்கிற ஒரே ஆளு நீங்கதான். இந்த ரூம்ல அம்புட்டு பேரும் உங்களைத்தான் பாக்குறாங்க. ஹாங், அப்படி. கீழ வச்சிருங்க. எவனும் எடுத்துட்டுப் போக மாட்டான். கையில மோதிரம் போட்டிருக்கீங்க, வீட்டுல ஆளு இருப்பாங்க. நான் ஒண்ணும் கேக்கல. இங்க யாரும் கேக்க மாட்டாங்க.

என் பேரு முத்திருளப்பன். உசிலம்பட்டிப் பக்கம். இருளுன்னு கூப்பிடுவாங்க. கல்யாண சமையல் குரூப்ல ஸ்வீட் மாஸ்டர். ஜாங்கிரி, லட்டு, பாதுஷா, பாயசம் எல்லாம் நான்தான். மதுரையைச் சுத்தி அம்பது கிலோமீட்டருக்குள்ள ஏதாவது கல்யாணத்துல நீங்க வெக்கத்தை விட்டு ரெண்டாவது ஜாங்கிரி கேட்டு வாங்கியிருந்தீங்கன்னா, அது நான் பிழிஞ்சதா இருக்கும். பெருமைக்குச் சொல்லல. இல்ல, பெருமைக்குத்தான் சொல்றேன், என்ன இப்ப?

இந்த மாத்திரையை நான் ஒரு வருஷமாப் போடறேன். ப்ரெப்புன்னு சொல்வாங்க. உள்ள போனா விவரமாச் சொல்வாங்க, இருந்தாலும் நான் ஒரு தடவை சொல்லிடறேன். ஹெச்ஐவி வந்தவங்களுக்கு இல்ல, வராம இருக்கிறதுக்கு. தினம் ஒண்ணு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க, கிட்னி நல்லா இருக்கான்னு பாப்பாங்க. மத்த நோயை இது தடுக்காது, ஆணுறையும் போடுங்கன்னு சொல்லிச் சொல்லியே காதைத் தின்னுடுவாங்க. அம்புட்டுதான்.

எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும் சார். பதினாலு வயசுல இருந்து தெரியும். ஏன் தலையைக் குனியறீங்க? இங்க இருக்கிற எல்லாரும் அதுக்குத்தானே வந்திருக்கோம். வெக்கப்பட்டு என்ன ஆகப் போகுது? நாலு ஊரு போறேன், நாலு மண்டபம் பாக்குறேன், எனக்கும் நாலு பழக்கம் இருக்கு. நான் யார் சோத்துல மண்ணைப் போட்டேன்? இந்த மாத்திரை வர்றதுக்கு முன்னாடி, ஒருத்தரைப் பாத்துட்டு வந்தா மூணு மாசம் எனக்கு நிம்மதி கிடையாது. ஒரு இருமல் வந்தா போச்சு. முதுகுல வேர்க்குரு வந்தா போச்சு. பாகு காய்ச்சிக்கிட்டே செத்துச் செத்துப் பிழைப்பேன். திருமங்கலத்துல ஒரு கல்யாணத்துல பாகைக் கோட்டை விட்டு, லட்டு பூரா உதிர்ந்து போய், பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி மானம் போச்சு. அப்பதான் இங்க வந்தேன்.

அந்தத் தாளை ஏன் சார் அப்படி மடிச்சு மடிச்சு வச்சிருக்கீங்க, கிழிஞ்சிடப் போகுது. அதுல கடைசியில ஒரு கேள்வி இருக்கும் பாருங்க. தினமும் மாத்திரை போட நீங்க எந்த அளவுக்குத் தயார், ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள வட்டம் போடுங்க. நான் அஞ்சைச் சுத்தி ரெண்டு வட்டம் போட்டேன். கவுன்சிலர் அம்மா சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, தாள்ல இல்லாத ஒரு கேள்வி கேட்டாங்க. "யாராவது டப்பாவைப் பாத்துட்டு இது என்னன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" கேக்கட்டும்மா, நான் எவனுக்குப் பயப்படணும்னு சொன்னேன். "கேக்கிறவங்க உங்களுக்கு வேண்டியவங்களா இருந்தா?"ன்னாங்க. எனக்கு அப்படி வேண்டியவன் எவனும் இல்லைன்னு சொல்லி டப்பாவை வாங்கிட்டு வந்துட்டேன்.

பயப்படாதீங்கன்னு சொல்றதுக்குத்தான் இதைச் சொல்றேன். என்னை ஒரு குரூப்பே சேந்து துரத்தப் பாத்துச்சு சார். நான் போகல. கரண்டியை ஊனி நின்னேன். கேக்குறீங்களா? உங்க நம்பர் வர இன்னும் நேரம் இருக்கு.

எங்க குரூப்ல ஏழு பேரு. சங்கையா அண்ணன்தான் பெரிய மாஸ்டர். பத்து வருஷமா அவர்கிட்டத்தான் இருக்கேன், கரண்டி பிடிக்கக் கத்துக் கொடுத்தது அவருதான். அப்புறம் காசி, அவன் சாம்பார், ரசம் பாக்குறவன். காய் நறுக்க ஒரு அக்கா, வேலுத்தாய்னு பேரு. அதிகம் பேசாது. தன் அரிவாமணையைத் தவிர வேற யார் அரிவாமணையும் தொடாது, அதைச் சாக்குல சுத்தி மடியிலேயே வச்சுக்கிட்டு வரும். இருநூறு முருங்கைக்காயை நறுக்கிப் போட்டா ஒண்ணுக்கொண்ணு அளவு மாறாது. பாக்கி மூணு பேரு எடுபிடி வேலைக்கு.

எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. பாயசத்தை எறக்கினதும், முதல் பந்திக்கு இலை போடறதுக்கு முன்னாடி, குரூப்ல இருக்கிற எல்லாரும் அண்டாவைச் சுத்தி வந்து நின்னு வலது கையை நீட்டணும். கரண்டி நுனியால ஒவ்வொரு உள்ளங்கையிலயும் நான் ஊத்துவேன். நக்கிப் பாத்துட்டு எவனாவது மூஞ்சியைச் சுளிச்சா, அதைச் சரி பண்ணாம பாயசம் வெளிய போகாது. சங்கையா அண்ணன் வச்ச சட்டம் அது. அவர் கையில முதல்ல ஊத்தணும். பத்து வருஷத்துல ஒரு தடவை கூட அவரு மூஞ்சியைச் சுளிச்சது கிடையாது சார்.

மாத்திரை டப்பா ஒரு பிளாஸ்டிக் டப்பா, முப்பது மாத்திரை இருக்கும். ஒட்டியிருந்த தாளை நான் முதல் நாளே கிழிச்சுட்டேன். பையில துண்டுக்கு அடியில வச்சிருப்பேன். நாங்க போறது ஒரு பழைய வேன், பின்னாடி அண்டா குண்டா, முன்னாடி நாங்க. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினா பாத்திரம் போடற சத்தத்துல நம்ம பேச்சே நமக்குக் கேக்காது. அன்னைக்குப் பாத்திரம் எல்லாம் முன்கூட்டியே வேற வண்டியில போயிருச்சு. வேன்ல அமைதி. மானாமதுரை ரோட்டுல ஒரு ஸ்பீட் பிரேக்கர். பைக்குள்ள இருந்து கலகலன்னு ஒரு சத்தம்.

பக்கத்துல வேலுத்தாய் அக்கா உட்காந்திருந்துச்சு. என் பக்கம் திரும்பவே இல்ல. ஜன்னலைப் பாத்துக்கிட்டே, என் காதுக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொல்லுச்சு. "டப்பாவுல கொஞ்சம் பஞ்சு வச்சுக்கப்பா. சத்தம் வராது."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? பையை இழுத்து மடியில வச்சு அமுக்கிக்கிட்டேன். இவளுக்கு என்ன தெரியும், எம்புட்டுத் தெரியும், யார்கிட்டச் சொல்வா? அதைத்தான் நினைச்சேன். வேற எதையும் நினைக்கல. பஞ்சும் வைக்கல. இவ சொல்லி நான் வைக்கணுமாங்கிற வீம்பு.

பதிமூணு உள்ள போயாச்சு. உங்களுக்கு இன்னும் நாலு.

பதினஞ்சு நாள் கழிச்சுக் குரூப்ல காத்து மாறுச்சு. நான் தண்ணி குடிச்ச டம்ளரைக் காசி தனியா எடுத்து வச்சான். நான் உட்காந்த பெஞ்சுல யாரும் உட்காரல. பையன்கள்ல ஒருத்தன் நான் பிழிஞ்ச ஜாங்கிரியில ஒண்ணு எடுத்து வாயில போடப் போனான், இன்னொருத்தன் அவன் கையைத் தட்டி விட்டான். நான் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டாங்க. கல்யாண வீட்டுக்காரங்க ஐநூறு பேரு அதே ஜாங்கிரியைத் தின்னுட்டுப் போறாங்க, அதைப் பத்தி இவய்ங்களுக்குக் கவலை இல்ல பாருங்க.

அப்புறம் சங்கையா அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "இருளா, கொஞ்ச நாள் ஊர்ல இருடா. உடம்பைப் பாத்துக்க. ஜாங்கிரிக்கு நான் வேற ஆள் சொல்லிக்கிறேன்." என் மூஞ்சியைப் பாக்காமச் சொன்னாரு. என் உடம்புக்கு என்னண்ணேன்னு கேட்டேன். "எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுடா, நீ ஏன் இன்னும் மறைக்கிற"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். எனக்கு நோய்னு நினைச்சுட்டாங்க. எனக்கு! தினமும் ஒரு நாள் விடாம மாத்திரை போட்டு உடம்பைச் சுத்தமா வச்சிருக்கிற எனக்கு. அன்னைக்கே இங்க ஓடி வந்து, ரத்தம் எடுங்கன்னு கையை நீட்டினேன். போன வாரம்தானே எடுத்தோம்னாங்க. பரவாயில்ல, இன்னொரு தடவை எடுங்கன்னேன். நோய் இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. அதை எடுத்துட்டுப் போயி கீழ இருக்கிற ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணினேன் சார். சிரிக்காதீங்க. நிஜமாத்தான். ரேஷன் கார்டை விடப் பத்திரமா வச்சிருந்தேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு டீக்கடைக்காரன் என்னை ஏற எறங்கப் பாத்தான், அவன்கிட்டயே அதை எடுத்துக் காட்டலாமான்னு எனக்கு இருந்துச்சு.

யார் சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சேன். யோசிக்க என்ன இருக்கு? குரூப்ல தெரிஞ்ச ஆளு ஒண்ணே ஒண்ணுதானே. பஞ்சு வைன்னு சொன்னவ.

அடுத்த வாரம் சிவகங்கையில ஒரு வரவேற்பு. வர வேணாம்னு சொல்லியும் நான் போனேன். வேன்ல ஏத்தலைன்னா என்ன, பஸ் இல்லையா? மண்டபத்துக்குப் பின்வாசல் வழியாப் போயி, சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, அடுப்பு முன்னாடி நின்னுட்டேன். சங்கையா அண்ணன் விலகி வழி விட்டாரு. அவரு சொன்ன வேற ஆளு வரல, அதான் விஷயம். சாயங்காலம் அஞ்சரை மணிக்குப் பாயசத்தை எறக்கினேன். பாசிப்பருப்புப் பாயசம். என் வாழ்க்கையில அப்படி ஒரு பாயசம் வச்சது இல்ல. கரண்டியை எடுத்துக்கிட்டு வாங்கன்னு கூப்பிட்டேன்.

எல்லாரும் வந்து நின்னாங்க. ஒருத்தனும் கையை நீட்டல. சங்கையா அண்ணன் தோள்ல கெடந்த துண்டை எடுத்து ரெண்டு கையையும் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. துடைக்க அதுல ஒண்ணுமே இல்ல. காசி மோட்டுவளையைப் பாத்தான். ஒரே ஒரு கை மட்டும் நீண்டுச்சு. மஞ்சளும் வாழைக்காய்க் கறையும் படிஞ்ச கை. வேலுத்தாய் அக்கா.

செய்யறதையும் செஞ்சுட்டு இப்ப நல்லவ வேஷம் போடறான்னுதான் எனக்குத் தோணுச்சு. அப்பவும் அந்தக் கையில ஊத்தினேன். வேணும்னே நிறைய ஊத்தினேன், சூடா. அது கையை இழுக்கல.

அப்புறம் பையில இருந்து லேமினேட்டை எடுத்து சங்கையா அண்ணன் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். படிங்கண்ணேன்னேன். அவருக்கு இங்கிலீஷ் வராது. பையன்ல ஒருத்தன் படிச்சுச் சொன்னான், இல்லைன்னு போட்டிருக்கு மாஸ்டர்னு. அவரு அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அவரு கண்ணு லேசாக் கலங்குச்சு சார். என் மேல அவருக்கு அம்புட்டுப் பிரியம். அப்புறம் கேட்டாரு.

"சரிடா. உனக்கு ஒண்ணும் இல்ல, நம்புறேன். நோய் இல்லாதவனுக்கு மாத்திரை எதுக்குடா?"

என்ன சார்? நான் என்ன பதில் சொன்னேனா? இருங்க, சொல்றேன். அதுக்குள்ள என்ன அவசரம்? பதினாலு வெளிய வந்துட்டாரு பாருங்க. எப்படிச் சிரிச்சுட்டுப் போறாரு. நீங்களும் அப்படித்தான் போவீங்க.

ரொம்பச் சாதாரணக் கேள்விதான். இப்ப உங்ககிட்ட எம்புட்டு லேசாச் சொன்னேன், எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்னு. முன்னப் பின்னத் தெரியாத ஆளு நீங்க, உங்ககிட்ட வருது. அங்க வரல. சுத்தி ஆறு பேரு நிக்கிறாங்க, அடுப்பு எரியுது, முன்னாடி பத்து வருஷமா என் கையால வாங்கிச் சாப்பிட்ட மனுஷன் நிக்கிறாரு. சத்து மாத்திரைன்னு சொல்லலாம்னு பாத்தேன். அதுக்கும் வழி இல்ல, அது என்ன மாத்திரைன்னு விசாரிச்சுட்டுத்தான் நிக்கிறாங்க.

வாய் வரலைன்னதும் கை முந்திக்கிச்சு. அக்காவை நோக்கி விரலை நீட்டினேன். "என்னை எதுக்குக் கேக்குறீங்க? அந்தா நிக்குதுல்ல, அதைக் கேளுங்க. வேன்ல சத்தம் கேட்டதும் டப்பாவுல பஞ்சு வைன்னு சொன்னது அதுதான். டப்பாவைக் கண்ணால பாக்காமலே அதுக்கு எப்படித் தெரிஞ்சது? டப்பாவுல பஞ்சு வச்சுப் பழகினவங்களுக்குத்தானே அது தெரியும்?"

சத்தியமாச் சொல்றேன் சார், பேச ஆரம்பிக்கும்போது நான் என்ன சொல்றேன்னு எனக்கே தெரியாது. காட்டிக் கொடுத்தவளைக் காட்டிக் கொடுக்கிறேன், அம்புட்டுதான் நினைப்பு. பாதிப் பேச்சுலதான் எனக்கே புரிஞ்சது, அக்காவும் அந்த நோய்க்கு மாத்திரை போடற ஆளுன்னு. புரிஞ்சும் நான் நிறுத்தல.

எல்லாரும் அக்கா பக்கம் திரும்பினாங்க. அது யாரையும் பாக்கல. உள்ளங்கையில இருந்த பாயசத்தை நிதானமா நக்கிச்சு. "இனிப்பு சரியா இருக்கு"ன்னு சொல்லுச்சு. குழாய்க்குப் போயி கையைக் கழுவிச்சு. அரிவாமணையை எடுத்துச் சாக்குல சுத்தி இடுப்புல வச்சுக்கிட்டு, பின்வாசல் வழியாப் போயிருச்சு. பாதி நறுக்கின பீன்ஸ் அப்படியே கெடந்துச்சு.

அப்புறம் என்ன, சங்கையா அண்ணன் கையை நீட்டினாரு. காசி நீட்டினான். எல்லாரும் நீட்டினாங்க. பாயசம் பந்திக்குப் போச்சு. பீன்ஸை நானே நறுக்கினேன். என்னை யாரும் அதுக்கப்புறம் எதுவும் கேக்கல. மாத்திரை எதுக்குங்கிற கேள்வியையே எல்லாரும் மறந்துட்டாங்க, அவங்களுக்குப் பேச வேற விஷயம் கிடைச்சிருச்சு. அது உட்காந்து நறுக்கின பலகையைக் காசி அடுப்புல போட்டு எரிச்சான். நான் ஜெயிச்சுட்டேன் சார். ஸ்வீட் மாஸ்டர் நான்தான். இன்னைக்கும் நான்தான்.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க?

நான் பொய் சொன்னேனா? சொல்லுங்க. எனக்கு நோய் இல்ல, அது உண்மை. அது பஞ்சு வைன்னு சொன்னது, அதுவும் உண்மை. உண்மையைத்தானே சொன்னேன். என்னைத் துரத்துவாங்க, நான் வாயை மூடிக்கிட்டுப் போகணுமா? அப்படி எதுக்குப் போகணும்? யாரா இருந்தாலும் அந்த நேரத்துல தன்னைத்தான் பாத்துக்குவாங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஹெல்மெட் போட்டுக்கிட்டு நின்னிருப்பீங்க. மன்னிச்சுக்கங்க சார். கோவத்துல வந்துருச்சு.

ஒரு மாசம் கழிச்சுக் காசி ஒரு நாள் டீ குடிக்கும்போது அவனே சிரிச்சுக்கிட்டே சொன்னான். தலைவலித் தைலம் தேடி அவன்தான் என் பையைத் தொறந்திருக்கான். மாத்திரையை ஃபோட்டோ எடுத்து, மெடிக்கல்ல வேலை பாக்குற அவன் மச்சானுக்கு அனுப்பியிருக்கான். அவன்தான் அந்த நோய்க்குக் கொடுக்கிற மாத்திரைன்னு சொல்லியிருக்கான். "தப்பா நினைச்சுக்காத இருளு, உன்னால ஒரு நல்லது நடந்துச்சு, அந்தப் பொம்பளை மாட்டிக்கிச்சு"ன்னான். நான் டீயை அப்படியே கீழ ஊத்திட்டு வந்துட்டேன்.

அக்கா யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல சார். அன்னைக்கு அண்டாகிட்டக் கையை நீட்டுச்சுல்ல, அது வேஷம் இல்ல. எனக்காக நீட்டுன கை.

போன ஞாயித்துக்கிழமை தேடிப் போனேன். மேலூர்ல இருந்து டவுன் பஸ்ல போகணும், சிமெண்ட் ஷீட் போட்ட ஒத்த ரூம் வீடு. இப்ப ஒரு முறுக்குக் கம்பெனியில பாக்கெட் போடற வேலைக்குப் போகுது. என்னைப் பாத்ததும் கதவைச் சாத்தும்னு நினைச்சேன், சாத்தல. வான்னு சொல்லிட்டு ஸ்டவ்வைப் பத்த வச்சுச்சு. காசி சொன்னதை நான் சொன்னேன். தெரியும்னு தலையை ஆட்டுச்சு. மன்னிச்சுக்கக்கான்னு கேக்கணும்னு ஊர்ல இருந்து மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன், வரல. கேக்கணும்னு போன ஆளுக்கு அதுவும் வரல பாருங்க. அதுக்குள்ள காபி வந்துருச்சு.

டம்ளரைக் கையில வாங்கினேன். சார், இதை நான் யார்கிட்டயும் சொன்னது இல்ல. டம்ளர்ல வராதுன்னு எனக்குத் தெரியும். இந்த பெஞ்சுல உட்காந்து நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கேன். தொட்டா வராது, டம்ளர்ல வராது, கூட உட்காந்து சாப்பிட்டா வராது. அப்படித் தெரிஞ்சும், வாய்க்குக் கொண்டு போற நேரத்துல என் கை ஒரு நொடி நின்னுச்சு. ஒரே ஒரு நொடிதான்.

அக்கா பாத்துருச்சு.

"நீதான் தினம் மாத்திரை போடறியே, அப்புறம் என்ன பயம்? குடி"ன்னு சொல்லுச்சு. கோவமாச் சொல்லல, சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. அதுக்கு அது என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம். நான் குடிச்சேன். ஒரு சொட்டு விடாமக் குடிச்சேன். அக்காவுக்கு அது எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கல. நான் எதுக்கு அந்த மாத்திரையைப் போடறேன்னு அதுவும் கேக்கல. கிளம்பும்போது, திரும்ப வாக்கா, சங்கையா அண்ணன்கிட்ட நான் பேசறேன்னு சொன்னேன். வேணாம்னுச்சு. "நீ எனக்கு ஒரு உதவி செய்யணும்னா ஒண்ணே ஒண்ணு செய். என் பேச்சை இனிமே யார்கிட்டயும் எடுக்காத. புது எடத்துல யாருக்கும் தெரியாது. நிம்மதியா இருக்கேன்." அது கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுத்தான் வந்தேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை...

சார்.

நான் பேரைச் சொன்னேனா? சொல்லிட்டேன்ல. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை சொல்லியிருப்பேன். ஊரையும் சொல்லிட்டேன். எந்தக் கம்பெனிங்கிற வரைக்கும் சொல்லிட்டேன். அது மேலூர் இல்ல சார், வேற ஊரு. பேரும் வேற. நீங்க நம்ப மாட்டீங்க, உங்க மூஞ்சியே சொல்லுது. சத்தியம் பண்ணி முழுசா நாலு நாள் ஆகல. உங்களுக்குத் தைரியம் சொல்றேன், தைரியம் சொல்றேன்னு அதோட கதையை எடுத்து விரிச்சு வச்சிருக்கேன். என் கதை எது இதுல? என்னைப் பத்தி நான் என்ன சொன்னேன்? அன்னைக்கும் அதை முன்னாடி தள்ளி விட்டுட்டுப் பின்னாடி நின்னேன், இன்னைக்கும் அதே வேலையைத்தான் பாத்திருக்கேன். மறந்துருங்க சார். கெஞ்சிக் கேக்குறேன், அந்தப் பேரை மட்டும் மறந்துருங்க.

இருங்க, ஃபோன் அடிக்குது. சங்கையா அண்ணன்தான். நாளைக்கு விருதுநகர்ல வேலை, அதுக்காக இருக்கும்.

ஹலோ, சொல்லுங்கண்ணே. ஆமாண்ணே, மதுரையிலதான் இருக்கேன். ஆஸ்பத்திரியில. இல்லண்ணே, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மாத்திரை வாங்க வந்திருக்கேன். அந்த மாத்திரைதான்.

அண்ணே, வைக்காதீங்க. சிவகங்கையில நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. நோய் இல்லாதவனுக்கு மாத்திரை எதுக்குன்னு. நான் அன்னைக்குப் பதில் சொல்லல, வேற பக்கம் கையைக் காட்டினேன். இப்ப சொல்றேன். எனக்கு ஆம்பளைங்களைத்தான்ணே பிடிக்கும். ஆம்பளைங்களோடதான் பழக்கம். நோய் வந்துடக் கூடாதுன்னுதான் இந்த மாத்திரை. விளையாடல. குடிக்கவும் இல்ல. காலையில பதினோரு மணிக்கு எவன் குடிப்பான்? பக்கத்துல ஒரு சார் உட்காந்திருக்காரு, வேணும்னா அவரைக் கேளுங்க. வேணாம், அவரைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க.

அந்த அக்காவைப் பத்தி வேணாம்ணே. அவங்க பேச்சே வேணாம். அது அவங்க சொந்த விஷயம், அதைத் தொட எனக்கும் உரிமை இல்ல, உங்களுக்கும் இல்ல. இது என் பேச்சு. காசிகிட்ட நீங்களே சொல்லிடுங்க, இல்லைன்னா நாளைக்கு அடுப்படியில நானே சொல்றேன்.

அண்ணே? லைன்ல இருக்கீங்களா?

இருக்கீங்க, மூச்சு கேக்குது. சரி, நாளைக்கு வேன் எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு அதுல எடம் இல்லைன்னா அதையும் உங்க வாயாலயே சொல்லணும், சொல்லியனுப்பக் கூடாது. ஏறி என் சீட்டுல உட்காருவேன். நானா எறங்க மாட்டேன்.